கொன்றைத் தெருவை நேராக்கிய பிறகு

1973 ஜனவரி 17

அப்பாவின் மாரிஸ் மைனர் இன்று எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம். அப்பா போனதிலிருந்து திருச்சியில் ஷெட்டிலேயே கிடந்த வண்டி. "அப்பாவோட முன் ஸீட்ல உக்காந்துண்டு ஊர் சுத்தினவ நீதான், நீயே வெச்சுக்கோ" என்று அண்ணா அனுப்பிவிட்டான்.

இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஊருக்கெல்லாம் சாலை போடுகிற இன்ஜினியர். ஆத்துக்கு வந்தால் சைக்கிள், வேலைக்குப் போனால் ஆபீஸ் ஜீப்பின் பின் ஸீட். "எனக்கு எதுக்கு? நீ கத்துக்கோ. அடையாறு காலேஜுக்கு தினம் பஸ்ஸுக்குக் காத்துண்டு நிக்கறே" என்றார். முப்பத்தெட்டு வயதிலா என்று கேட்டேன். "பொண்களுக்கு செடி கொடியெல்லாம் சொல்லித்தரத் தெரியறதோன்னோ" என்றார். சம்பந்தமே இல்லாத பதில். ஆனாலும் சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தேன்.

1973 பிப்ரவரி 4, ஞாயிறு

ஓட்டக் கற்றுக்கொடுக்க வருபவர் ஷரஃபுதீன். சிந்தாதிரிப்பேட்டையில் வண்டிச் சாமான் கடை. என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். விடிந்ததும் சாந்தோம் பக்கம் போய்விடுகிறோம்.

"காலை ஏம்மா கல்லு மாதிரி வெச்சிகினு கீறீங்கோ? மெத்துனு வெய்யுங்கோ. அது கால் சொன்னா கேக்கும், தலை சொன்னா கேக்காது."

கிளட்ச், கியர், பிரேக். எல்லாம் மறந்து மறந்து போகிறது. ஆனால் வண்டி மெல்ல நகர ஆரம்பிக்கும் அந்தக் கணம் — கடல் ஒரு பக்கம் தானாக நகர்ந்து பின்னால் போகிறது. சின்ன வயதில் ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டால் வருமே, அந்த மாதிரி.

1973 மார்ச் 22

லைசென்ஸ் வந்தபின் முதல் தடவையாகத் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். பாலத்தின்மேல் கடல்காற்று. பாலம் தாண்டினால் கொன்றைத் தெரு. பெயர்தான் அப்படி, ஒரு கொன்றைகூடக் கிடையாது. எல்லாம் தூங்குமூஞ்சி மரங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து மேலே கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் தெரு ஒரு வளைவு வளைகிறது. அதற்கப்பால் என்ன என்று தெரியாது.

உள்ளே நுழைந்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து என் கால் தானாக மேலே வந்துவிட்டது. நான் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. நிழலும் வெயிலும் கண்ணாடிமேல் மாறி மாறி விழ, வண்டி ஏதோ தண்ணீருக்கடியில் போவதுபோல் போயிற்று. ஒரு மாடு. ஒரு தள்ளுவண்டி. மீன்கூடைக்காரிகள் நடுத்தெருவிலேயே நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நிதானமாக விலகினார்கள், நானும் நிதானமாகப் போனேன். கல்லூரிக்குள் வண்டியை நிறுத்தியபோது தூங்கி எழுந்தமாதிரி இருந்தது.

1973 ஏப்ரல் 20

இவர் சாப்பிட்டானதும் கூடத்தில் வரைபடத்தை விரித்தார். கொன்றைத் தெரு. வளைவை எடுத்துவிட்டு நேராக்குகிறார்கள். அகலம் இரண்டு பங்கு ஆகிறது. அவர் போட்ட திட்டம், மேலே ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். பென்சிலை அந்த நேர்கோட்டின்மேல் ஓட்டிக் காட்டினார். முகத்தில் என்ன ஒரு பிரகாசம். கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"இந்த முனையில நின்னா அந்த முனை தெரியும் நீரஜா. கண்ணுக்குத் தெரிஞ்சா ஆபத்து கிடையாது. வளைவுதான் ஆபத்து."

"மரமெல்லாம்?"

"ஓரத்துல இருக்கறது மட்டும்தான் போகும்."

மரம் ஓரத்தில்தானே இருக்கும்? கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க மனசு வரவில்லை.

1973 மே 16

கோடரிச் சத்தம். சுற்றுவழியில் போனேன்.

1973 ஜூலை 9

இன்று தெருவைத் திறந்துவிட்டார்கள். தெரு இல்லை இனிமேல், சாலை. இவரை முன் ஸீட்டில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனேன். கன்னங்கரேல் என்று தார்; நடுவில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு கோடு; மேலே மொத்த வானமும். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் மேகம் தாரில் தெரிந்தது. மேகத்தின்மேல் வண்டி ஓட்டுவது போலிருந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "எங்காத்துக்காரர் போட்டது" என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல.

கூடைக்காரிகள் ஓரமாக வரிசையில் நின்று கடக்கக் காத்திருந்தார்கள். பிறகு சேர்ந்தாற்போல் ஓடினார்கள்.

1973 ஆகஸ்ட் 3

விசித்திரமாக ஒன்று. இன்று அந்தச் சாலையில் எதேச்சையாக வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியிருந்தது. நான் ஊர்ந்து போவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! 

ரயிலில் போகும்போது பக்கத்துத் தந்திக்கம்பம் பறக்கும். தூரத்து மலை அசையாது. கொன்றைத் தெருவில் இப்போது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாம் மலை மாதிரி தூரத்தில். அதனால் ஓடுவதே தெரியவில்லை — அப்படித்தான் இருக்கவேண்டும்.

இவரிடம் சொன்னேன். "முப்பதுன்னு போர்டு வெச்சிருக்கோமே, பாக்கலியா?" என்றார். பார்த்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன். கால் படிக்கவில்லை.

1973 ஆகஸ்ட் 21

கனவு. அந்தச் சாலை கல்லூரியோடு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் சத்தமில்லாத வெள்ளை. நான் வண்டியில் இல்லை, சும்மா உட்கார்ந்த நிலையில் மிதந்து போகிறேன். பயமே இல்லை. கடைசியில் சாலை கடலுக்குள் இறங்குகிறது, நானும் இறங்குகிறேன், நனையவில்லை. விழித்துக்கொண்டதும் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே என்றிருந்தது.

1973 செப்டம்பர் 11

இடித்துவிட்டேன்.

1973 செப்டம்பர் 13

எழுதித்தான் ஆகவேண்டும். 

காலை வெயில். கொன்றைச் சாலை காலியாக இருந்தது. அன்றைக்கு நடத்தவேண்டிய பாடத்தை யோசித்துக்கொண்டிருந்தேன் — வேர் எப்படித் தண்ணீர் தேடிப் போகிறது. ஒரு கூடைக்காரி ஓரத்திலிருந்து ஓட ஆரம்பித்தாள். பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன், தூரத்திலிருந்தே. நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அவளும் அதையேதான் நினைத்திருப்பாள். இரண்டு பேருக்கும் நேரம் இருக்கவில்லை.

பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போயிற்று. சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. அப்புறம் சாலை முழுக்க வெள்ளி. மீன்கள். சில இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தன. அவள் நடுவில் உட்கார்ந்தபடி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடைய காலோ என்பதுபோல. முழங்காலுக்குக் கீழே அது வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். யார் ஓட்டினார்கள்? ஞாபகமில்லை. அவள் தலை என் மடியில். பெயர் தேவானை. பட்டினப்பாக்கம். என் வயதுதான் இருக்கும்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டது. எத்தனை வேகம் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பொய் சொல்வதாக நினைத்தார்கள். நெஜமாவே எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?

1973 செப்டம்பர் 15

இவரோடு சண்டை. இத்தனை வருஷத்தில் இப்படிப் போட்டதில்லை.

"நீ வேகமாப் போனே நீரஜா. அதுக்கு ரோடு என்ன பண்ணும்?"

"ரோடுதான் பண்ணித்து. நான் அந்தத் தெருவுல ஏப்ரல் மாசம் பூரா ஓட்டினேன், ஒரு கோழியை இடிச்சேனா? அதே கால்தானே?"

"அப்போ உனக்கு பயம் இருந்தது. புதுசு."

"பயத்தையெல்லாம் நீங்கதான் வெட்டி எடுத்துட்டேளே, மரத்தோட."

சொல்லியிருக்கக்கூடாது. அவர் முகம் அப்படியே அணைந்துபோயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், குளக்கரையில் உட்கார்ந்திருந்தாராம்.

நான் தப்பிக்கப் பார்க்கிறேனா? அவள் காலை முறித்தது என் வண்டி, என் பாதம். அதுவும் உண்மைதான். இதுவும் உண்மைதான். இரண்டையும் எங்கே வைப்பது?

1973 செப்டம்பர் 24

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். தேவானை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன் ஆரஞ்சு யாருக்கு வோணும்? என் கால குடு. போ."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஆரஞ்சைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் போவேன். விரட்டட்டும்.

1973 அக்டோபர் 29

கோர்ட்டில் அபராதம். லைசென்ஸையும் ஆறு மாதத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். குறைவுதான் என்று வக்கீல் சொன்னார். தேவானையின் வைத்தியச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அவள் கூடையை இப்போது அவள் மகள் சுமக்கிறாள்.

இன்று வார்டில் அவளாகவே பேசினாள். என்னைப் பார்க்காமல், மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

"மொதல்ல அந்தத் தெருவுல குறுக்கால போறது வூட்டுக்குள்ள போற மாதிரி இருந்திச்சி. இப்போ ஆத்த நீந்தற மாதிரி கீது. என் மவ தெனம் அதத் தாண்டறா. நான் இங்க மல்லாந்து கெடக்கறேன். நீ இன்னா, வந்து வந்து பாத்துகினு போற."

வீட்டுக்கு வந்ததும் ஆற்றைப் பற்றி இவரிடம் சொன்னேன். எப்போதும்போல் எதிர்த்துப் பேசுவார் என்று பார்த்தேன். "ஆறா?" என்று மட்டும் கேட்டார்.

1973 நவம்பர் 18

பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து சாலைகளில் வண்டியே குறைந்துவிட்டது. கல்லூரிக்குப் பஸ்ஸில்தான் போகிறேன். ஜன்னலோர இடம் கிடைத்தால் கொன்றைச் சாலையைப் பார்த்தபடி போவேன். வண்டிகள் குறைந்தால் கூடைக்காரிகள் நிம்மதியாக இருப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். இல்லை. காலியான சாலையில் ஒற்றை வண்டி வந்தால் அம்பு மாதிரி வருகிறது.

1973 டிசம்பர் 20

மார்கழிப் பனி. இவர் விடியும்போதே எழுந்து எங்கோ போகிறார். கோயிலுக்காக்கும் என்று இருந்தேன். இன்று வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஷரஃபுதீன் கடையில் விட்டிருந்த எங்கள் மாரிஸ் மைனர் திக்கித் திக்கி வந்தது. உள்ளே இவர், முதுகு விறைத்து, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் ஷரஃபுதீன்.

"நைனா, கிளட்சை உடாதே... உட்டுட்டியே."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி என் கோலத்தின்மேல் நின்றது. செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். இவரும் சிரித்தார். எதற்கு இந்த வயதில் என்று கேட்டேன். "சும்மாத்தான். வண்டி நின்னுண்டே இருந்தா வீணாப்போயிடும்" என்றார். அது காரணமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

1974 பிப்ரவரி 10, ஞாயிறு

சூரியன் வருவதற்குள் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய லைசென்ஸ் போன வாரம்தான் வந்தது. பாலத்தில் பனி, கீழே ஆறு இருப்பதே தெரியவில்லை. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எங்கள் வண்டி மட்டும். பாலம் தாண்டிக் கொன்றைச் சாலைக்குள் திருப்பினார். கண்ணுக்கு எட்டியவரை ஒரு ஜீவனில்லை.  நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏறிற்று. இன்னும் ஏறிற்று.

"இப்போ எவ்வளவுல போறேள்?" என்றேன்.

"இருபத்தஞ்சு இருக்கும். ஏன், பயமா இருக்கா?"

"பாருங்கோ."

பார்த்தார். நாற்பத்தைந்து. முப்பது என்று அவரே வைத்த பலகை அப்போதுதான் எங்களைத் தாண்டிப் பின்னால் போயிற்று.

மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினார். இறங்கிப்போய் நடுச்சாலையில் நின்றார், அந்த வெள்ளைக் கோட்டின்மேல். அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றார். பனி காலைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. ஆள் கனவில் நிற்பதுபோல் இருந்தார்.

திரும்பி வந்து, "நீ ஓட்டறியா?" என்றார்.

"எனக்கு லைசென்ஸ் இல்லையே."

"ஆமாம் இல்ல" என்றார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "எனக்கும் தெரியல நீரஜா. சத்தியமாத் தெரியல. வண்டி நின்னுண்டு இருக்கற மாதிரிதான் இருந்தது."

திரும்பும்போது மிக மெதுவாக வந்தார். அவருடைய இடது கையை என் கைக்குள் வைத்துக்கொண்டேன். கியர் மாற்றத் தேவையானபோது விட்டேன்.

1974 மார்ச் 6

கூடத்தில் மறுபடியும் வரைபடம். அதே தெரு. இந்தத் தடவை அழிக்கிற ரப்பர்தான் அதிகம் ஓடுகிறது. ஓடுகிற பாதையைக் குறுக்கி, நடக்கிற பாதையை அகலமாக்கி, மரம் நட்டு, சாலையை லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளியவிட்டு. "பழைய வளைவைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனா முனை தெரியாதபடி பண்ணலாம்" என்றார். என்னை ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த இடத்தில் கால் இறங்கும், எந்த இடத்தில் தூக்கும். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஓட்டிப் பார்த்துச் சொன்னேன். எந்த மரம் எத்தனை சீக்கிரம் வளரும் என்றும் சொன்னேன். புங்கன் வையுங்கோ, நிழலுக்கு நிழல், வேரும் கல்லைத் தூக்காது. எழுதிக்கொண்டார்.

1974 மார்ச் 27

மேலதிகாரி படத்தைப் பார்த்துச் சிரித்தாராம். "சுப்பராமன், நமக்கு ரோடை அகலப்படுத்தத்தான் சம்பளம். குறுக்கறதுக்கு யாராவது சம்பளம் குடுப்பாளா? உடம்பு சரியில்லைன்னா லீவு போடும்."

படம் சுருட்டியபடி திரும்பி வந்துவிட்டது. அலமாரிமேல் கிடக்கிறது.

1974 ஏப்ரல் 2

தேவானை நேற்று வீட்டுக்குப் போய்விட்டாள். பட்டினப்பாக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். கால் கூடிவிட்டது, ஆனால் சற்றுக் குட்டையாகிவிட்டது. ஒரு சாய்வு இருக்கிறது நடையில். குடிசை வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள், "குந்து" என்றாள். அவ்வளவுதான். குந்தினேன். 

1974 ஜூன் 12

இவருக்கு இப்படியெல்லாம் வருமென்று யார் கண்டது?

கொன்றைச் சாலையில் மழைநீர்க் கால்வாய் ரிப்பேர் என்று கையெழுத்துப் போட்டு, தார் பீப்பாய்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, மண்ணை நிரப்பிச் சாலையில் நிறுத்தியிருக்கிறார். கொஞ்ச தூரம் இடது பக்கம். கொஞ்ச தூரம் வலது பக்கம். மறுபடி இடது. கால்வாயில் ரிப்பேர் செய்ய ஒன்றுமே இல்லையாம். யாரோ கூலியாள் தினம் ஒரு கல்லை எடுத்து வைக்கிறானாம்.

"பொய் சொல்லியிருக்கேளே" என்றேன்.

"கால்வாயை எப்பவாவது ரிப்பேர் பண்ணித்தானே ஆகணும்" என்றார். முகத்தில் அந்தப் பழைய பிரகாசம்.

1974 ஜூன் 25

லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டியரிங்கைத் தொட இவ்வளவு நாளாகத் தைரியம் வரவில்லை. இன்று ஓட்டினேன்.  கொன்றைச் சாலைக்குள் நுழைந்தேன். வெள்ளைப் பீப்பாய்கள் பக்கத்தில், இதோ கை நீட்டினால் தொடலாம் போல, ஒன்றன்பின் ஒன்றாக. பறந்து போகின்றன. முள்ளைப் பார்த்தேன், இருபதுகூட இல்லை. கால் தானாக மேலே வந்திருக்கிறது.

வண்டியை நிறுத்திக் கொஞ்சம் அழுதேன். பின்னால் ஒரு பஸ் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போயிற்று. போகட்டும்.

1974 செப்டம்பர் 2

பீப்பாய்களுக்குப் பின்னால் உண்டான இடத்தில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் வாழைப்பழ வண்டிக் கரீமுல்லா. அப்புறம் பூக்காரிகள். இப்போது மீன்காரிகள் கோணிச் சாக்கை விரித்து, மேலே பழைய பாயைக் கட்டி நிழல் பண்ணிக்கொண்டு. சாயங்காலம் அந்த வழி வந்தால் சின்னத் திருவிழா மாதிரி இருக்கிறது. தேவானையும் இருந்தாள். கூடை சுமந்து தெருத்தெருவாக நடக்க முடிவதில்லை, அதனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்கிறாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மீன் வேணுமா என்று கேட்டாள், வேண்டுமென்றே. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

1974 டிசம்பர் 9

தெரிந்துவிட்டது. யாரோ கார்க்காரர் புகார் எழுதிப்போட்டாராம். மேலதிகாரி கால்வாயை நேரில் வந்து பார்த்தாராம்.

இவர் ஒன்றும் மறைக்கவில்லையாம். "நான்தான் வெச்சேன். எடுக்கணும்னா என்னை சொல்லாதீங்கோ, வேற யாரையாவது சொல்லுங்கோ" என்றாராம். இதை என்னிடம் ரசம் சாதம் பிசைந்தபடி சொன்னார். ஏதோ பக்கத்தாத்துக் கதை சொல்வதுபோல.

1975 ஜனவரி 4

சாலைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் கிடங்கு. சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேஜை. இவருக்குக் கீழே இருந்த கிச்சா இப்போது இவர் நாற்காலியில். வர வேண்டிய பதவி உயர்வும் கிச்சாவுக்கே.

சாயங்காலம் வந்தபோது புருவமெல்லாம் சிமெண்டு வெள்ளை. துடைத்துவிட்டேன். "நரைச்ச மாதிரி இருக்கா?" என்றார். இருந்தது. இல்லை என்றேன்.

என்னால்தானா? நான் அன்றைக்கு அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்? கேட்டேவிட்டேன். "நீ சொன்னதுனால இல்ல. நானே பாத்துட்டேனே. பாத்தப்புறம் எப்படி?" என்றார். 

1975 பிப்ரவரி 18

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கவேண்டும்.

கல்லூரிக்குப் போகும் வழியில் கொன்றைச் சாலையில் லாரி நின்றிருந்தது. பீப்பாய்களை எடுத்துப்போக வந்த லாரி. கூலியாட்கள் இரண்டு பீப்பாய்களை உருட்டியிருந்தார்கள். மூன்றாவதன்மேல் தேவானை சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பின்னால் அத்தனை கூடைக்காரிகளும்.

மேஸ்திரி, "நவுரும்மா, கவர்மெண்டு பீப்பா" என்றான்.

"எத்துகினு போ. யாரு வேணான்னது? நாங்க எங்க குந்தறது, உன் லாரி மேலயா? இத்த எடுத்தா நாளைக்கி என் சாக்கு மேல காரு வரும். ஒரு காலு குடுத்தாச்சி. இன்னொண்ணும் குடுக்கணுமா?"

மேஸ்திரி அவள் காலைப் பார்த்தான். கரீமுல்லா பழவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து லாரிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கூலியாட்களுக்கு ஆளுக்கொரு பழம் கொடுத்தான். வெயில் ஏறிற்று. கார்கள் வரிசையாக நின்றன. வந்தவர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, உருட்டிய இரண்டையும் கூலியாட்களைக்கொண்டே திரும்ப இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். "நான் போய் சொல்றேன். யாரு வந்தா இன்னா சொல்லணுமோ நீயே சொல்லிக்கோ" என்றான் தேவானையிடம்.

நான் வண்டியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதல் வகுப்பு போயே போய்விட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். இவர் மோருஞ்சாதத்தைக் கலந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

1975 பிப்ரவரி 27

லாரி மறுபடி வரவில்லை.

1975 நவம்பர் 14

பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி. கொன்றைச் சாலையில் நடைபாதை அகலப்படுத்திக் கருங்கல் விளிம்பு கட்டுகிறார்கள், வியாபாரிகள் வசதிக்காக, நடுவில் ஒரு திட்டும் வருகிறது. திட்டமிட்டவர் என்று கிச்சாவின் பெயர். நான் கொதித்துப்போனேன். "இது உங்க படம். அலமாரி மேல கெடக்கு. நான் எடுத்துண்டு போய் அந்தப் பேப்பர் ஆபீஸ்ல—"

"கிச்சாவுக்கு நான்தான் குடுத்தேன்" என்றார். "அவன் பேர்ல போனாத்தான் போகும்."

அலமாரிமேல் பார்த்தேன். இல்லை. எப்போது எடுத்தார்?

இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனுஷரை நான் எவ்வளவு மெதுவாகத் தெரிந்துகொள்கிறேன்.

1976 மார்ச் 7

மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் புங்கங்கன்றுகள் நட்டோம். கரீமுல்லா தண்ணீர் ஊற்றுகிறேன் என்றான். ஆடு தின்னாமல் இருக்கவேண்டும்.

1976 ஆகஸ்ட் 19

ஆடி முடிந்தும் காற்று நிற்கவில்லை. கல்லூரி விட்டுக் கொன்றைச் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் தேவானை சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். அந்தச் சாய்வான நடை. தலையில் கூடை. பாதி தூரம் வந்தவள் நடுத்திட்டில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவினாள். காற்று சுண்ணாம்புத் தாளைப் பறித்துக்கொண்டு போயிற்று; அது போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிதானமாக மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பஸ், எதிர்ப்பக்கம் ஒரு ஸ்கூட்டர். அவர்களும் நின்றார்கள்.

அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, மென்றபடியே நடந்து அந்தப் பக்கம் போனாள்.